ஒரு வேதியியல் ஆய்வாளரை எண்ணி அளக்க முடியுமா?

போன மாசம் ஓபியில ஒரு அம்மா வந்தாங்க. நாற்பது வயசு இருக்கும். ரெண்டு மாசமா சரியா தூக்கம் இல்ல, தலைவலி, படபடப்பு. பிபி பார்த்தா 160/100. அரை மணி நேரம் உட்கார வச்சு மறுபடி பார்த்தேன். பெருசா இறங்கல.

"வீட்டுல ஏதாவது பிரச்சனையாம்மா?"

"வீட்டுல ஒண்ணும் இல்ல சார். நான் காலேஜ்ல கெமிஸ்ட்ரி எடுக்கறேன். வர்ற ஏப்ரலுக்குள்ள ஸ்கோப்பஸ்ல இருக்கற ஜர்னல்ல ரெண்டு பேப்பர் போடணும்னு சொல்லிட்டாங்க. பதினாலு வருஷமா பசங்களுக்கு லேப் எடுத்திருக்கேன். இப்ப உங்க ஹெச் இண்டெக்ஸ் என்னன்னு கேக்கறாங்க. மூணு சார். சொல்றதுக்கே கூச்சமா இருக்கு."

போனை எடுத்து ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் காட்டினாங்க. பணம் கட்டினா போதும், ஏற்கனவே எழுதி முடிச்ச கட்டுரையில ஆசிரியர் பட்டியல்ல உங்க பேரைச் சேர்த்துடறோம்னு ஒரு ஏஜென்ட். முதல் பேரா வரணும்னா ஒரு ரேட். நாலாவது பேருக்கு வேற ரேட்.

(அவங்க சம்மதத்தோட, ஆள் அடையாளம் தெரியாதபடி மாத்தி எழுதறேன்.)

நான் எம்பிபிஎஸ் படிச்ச சாதாரண அரசு மருத்துவர். ஆராய்ச்சியாளன் இல்லை. ஆனா தினமும் நம்பர்களோட தான் பொழப்பு. சுகர், பிபி, ஹீமோகுளோபின், கிரியாட்டினின். படிக்கிற காலத்துல வார்டு ரவுண்ட்ஸ்ல எங்க பேராசிரியர்கள் திரும்பத் திரும்ப சொன்ன ஒரு பாடம்: ரிப்போர்ட்டுக்கு வைத்தியம் பண்ணாத, நோயாளிக்குப் பண்ணு.

அந்த அம்மா போன பிறகு எனக்கு ஒரு கேள்வி. ஒருத்தரோட பிபியை ஏத்துற அளவுக்கு அதிகாரம் இருக்கற இந்த நம்பரெல்லாம் எங்கிருந்து வந்துச்சு?

தேடிப் படிச்சப்ப ஆச்சரியமா இருந்தது. இதை ஆரம்பிச்சு வச்சவரே ஒரு வேதியியல் பட்டதாரி. ஆரம்பிச்ச இடம் ஒரு மருத்துவ நூலகம். ஆரம்பிச்ச நோக்கம் யாரையும் மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துவது இல்லை.

கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா வாங்க.

*

யூஜின் கார்ஃபீல்டு. 1925ல் நியூயார்க்கில் பிறந்தவர். 1949ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம். 1951ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வெல்ச் மருத்துவ நூலகத்தில் ஒரு வேலைக்குச் சேர்கிறார். குவியும் மருத்துவக் கட்டுரைகளை இயந்திரத்தின் உதவியோடு எப்படி வகைப்படுத்தலாம் என்று பார்ப்பதுதான் வேலை.

அன்றைக்கு இருந்த சிக்கல் இது. 1940ல் ஒரு கட்டுரை வருது, "இந்த மருந்து இந்த நோய்க்கு நல்லா கேக்குது"ன்னு. 1945ல் வேறொருத்தர் அதைச் சோதிச்சுப் பார்த்து "இல்லை, தப்பு"ன்னு எழுதறார். 1950ல் முதல் கட்டுரையை மட்டும் நூலகத்துல எடுத்துப் படிக்கிற மருத்துவருக்கு, பின்னாடி வந்த மறுப்பு தெரியவே தெரியாது. மருந்தை எழுதிக் கொடுத்துடுவார்.

ஒரு கட்டுரையின் கடைசியில் உள்ள மேற்கோள் பட்டியல் பின்னோக்கி மட்டுமே காட்டும். தனக்கு முன்னாடி யார் எழுதினாங்கன்னு அதுக்குத் தெரியும். தனக்குப் பின்னாடி யார் தன்னைப் பற்றி என்ன சொன்னாங்கன்னு தெரியாது.

1953ல் கார்ஃபீல்டுக்கு ஒரு கடிதம் வருது. எழுதியவர் வில்லியம் அடேர் என்ற ஓய்வு பெற்ற பெரியவர். அமெரிக்க வக்கீல்கள் பயன்படுத்தும் 'ஷெப்பர்ட்ஸ் சைட்டேஷன்ஸ்' நிறுவனத்தில் துணைத் தலைவராக இருந்தவர்.

வக்கீல்களுக்கும் இதே சிக்கல் உண்டு. ஒரு பழைய தீர்ப்பைக் காட்டி வாதாடணும்னா, அந்தத் தீர்ப்பு இன்னும் உயிரோட இருக்கா, மேல் கோர்ட்டு ரத்து பண்ணிடுச்சான்னு தெரியணும். அதுக்காக 1873 முதல் ஷெப்பர்ட்ஸ் ஒவ்வொரு தீர்ப்பின் கீழும், அதைப் பிற்பாடு எந்தெந்த வழக்குகளில் எடுத்துக் காட்டினார்கள் என்று பட்டியல் போட்டுக்கொண்டு வந்தது.

வக்கீல்கள்கிட்ட இருந்த இந்த ஏற்பாட்டை விஞ்ஞானத்துக்குக் கொண்டு வந்தா என்ன? 1955 ஜூலையில் 'சயின்ஸ்' இதழில் கார்ஃபீல்டு இதை ஒரு கட்டுரையாக எழுதினார். மோசடியான, அரைகுறையான, காலாவதியான தரவுகளை யாரும் கண்ணை மூடிக்கொண்டு மேற்கோள் காட்டக் கூடாது. ஒரு கட்டுரை மீது வந்த விமர்சனங்கள் படிப்பவருக்குத் தெரிய வேண்டும். அவர் சொன்ன நோக்கம் இதுதான்.

அதாவது இது தேடுவதற்கான கருவி. நம்ம மொழியில சொன்னா, நோயாளியோட பழைய கேஸ் ஷீட் மாதிரி.

கார்ஃபீல்டு தன் ஆரம்பகாலத் தொழிலை நடத்தியது நியூ ஜெர்சியில் ஒரு பழைய கோழிக் கொட்டகையை மாற்றியமைத்து. 1961ல் அவர் வாங்கிய முனைவர் பட்டமும் வேதியியலைத் தொட்டதுதான். ஒரு சேர்மத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் மூலக்கூறு வாய்பாட்டைக் கண்டுபிடித்துத் தரும் வழிமுறை. நோபல் பரிசு பெற்ற மரபியலாளர் ஜோஷுவா லெடர்பெர்க் ஆதரவு தர, அரசு நிதி கிடைத்து வேலை வேகம் பிடித்தது. 613 ஆய்விதழ்கள், 14 லட்சம் மேற்கோள்கள். 'சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' பிறந்தது. 1964 முதல் முறையாக விற்பனைக்கு வந்தது.

உலகத்துல எத்தனையோ ஆய்விதழ்கள் இருக்க, எதை இதுல சேர்க்கிறது? அதுக்காக கார்ஃபீல்டும் அவருடைய சகா இர்விங் ஷெரும் ஒரு கணக்கு வச்சிருந்தாங்க. ஒரு இதழ் கடந்த ரெண்டு வருஷத்துல 100 கட்டுரை வெளியிட்டிருக்கு. இந்த வருஷம் அந்தக் கட்டுரைகளை மத்தவங்க 250 தடவை மேற்கோள் காட்டியிருக்காங்க. 250ஐ 100ஆல் வகுத்தா 2.5.

இதுதான் இம்பாக்ட் ஃபாக்டர். இதழ்களைத் தேர்ந்தெடுக்கப் போட்ட சராசரி. அந்த இதழில் எழுதும் தனி மனிதரைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

ஆனா பட்டியல்னு ஒண்ணு வந்த பிறகு எண்ணாம இருக்க மனுஷனால முடியுமா? யாருடைய கட்டுரை எத்தனை தடவை மேற்கோள் காட்டப்பட்டதுன்னு எண்ண ஆரம்பிச்சாங்க.

*

எண்ணிப் பார்த்தா முதலிடத்தில் வந்தது யார் தெரியுமா?

ஐன்ஸ்டீன் இல்லை. டிஎன்ஏ அமைப்பைச் சொன்ன வாட்சனும் கிரிக்கும் இல்லை. ஆலிவர் லோரி. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் மருந்தியல் பேராசிரியர், உயிர்வேதியியலாளர்.

1951ல் அவரும் மூன்று சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை, ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறை. செம்பு உப்பு, பிறகு ஃபோலின் வினைப்பொருள், நீல நிறம் வரும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு புரதம். அவ்வளவுதான்.

2014ல் 'நேச்சர்' இதழ் உலகில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட 100 கட்டுரைகளின் பட்டியலைப் போட்டது. லோரி கட்டுரை 3 லட்சத்து 5 ஆயிரம் தடவைக்கு மேல். டிஎன்ஏ அமைப்பைச் சொன்ன கட்டுரைக்கு முதல் நூறில் இடமே இல்லை.

ஏன்? டிஎன்ஏ இரட்டைச் சுருள்னு பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதுக்கு யாரும் தனியா மேற்கோள் போடறதில்லை. ஆனா லேப்ல புரதம் அளந்த ஒவ்வொருத்தரும் "லோரி முறைப்படி அளந்தோம்"னு எழுதித்தான் ஆகணும். லோரியே இதை ஒத்துக்கிட்டவர். அது பெரிய கட்டுரை ஒண்ணும் இல்லைன்னு அவருக்குத் தெரியும். ஆனா அதுக்குக் கிடைச்ச வரவேற்பு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருக்குன்னும் எழுதியிருக்கார். நல்ல மனுஷன்.

மேற்கோள் எண்ணிக்கை ஒரு கட்டுரை எவ்வளவு *பயன்பட்டது* என்று சொல்லும். எவ்வளவு *பெரியது* என்று சொல்லாது. இந்த வித்தியாசத்தை மனசுல வச்சுக்கோங்க.

*

அடுத்து ஜெர்மனி. கோட்டிங்கன் பல்கலைக்கழக வேதியியலாளர் ஜார்ஜ் ஷெல்ட்ரிக். படிகத்தின் மீது எக்ஸ்ரே செலுத்தி அதில் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று கண்டுபிடிக்கும் கணினி நிரலை எழுதியவர். பெயர் ஷெல்எக்ஸ். உலகம் முழுக்க வேதியியலாளர்கள் அதைப் பயன்படுத்தினார்கள்.

2008ல் அந்த நிரலின் வரலாற்றைச் சுருக்கமாக ஒரு கட்டுரை எழுதினார். நிரலைப் பயன்படுத்துவோர் இந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டலாம் என்று அதிலேயே ஒரு குறிப்பு. வந்த இதழ் 'ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ'. இம்பாக்ட் ஃபாக்டர் சுமார் 2 இருந்த இதழ்.

2009 கணக்கில் அந்த இதழின் இம்பாக்ட் ஃபாக்டர் 49.926.

ஒரே ஒரு கட்டுரை! அதே இதழில் எழுதிய மத்த ஆய்வாளர்கள் ஒரே ராத்திரியில் இருபத்தஞ்சு மடங்கு கெட்டிக்காரங்க ஆயிட்டாங்களா? டவுன் பஸ்ல ஒரு கோடீஸ்வரர் ஏறினா, அந்த பஸ்ஸோட சராசரி சொத்து லட்சங்களைத் தாண்டிரும். கண்டக்டர் சம்பளம் ஒரு ரூபா ஏறாது. கணக்குல ரெண்டு வருஷத்துக் கட்டுரைகள் மட்டும்தான் வரும் என்பதால், அந்தக் காலம் முடிஞ்சதும் இதழ் பழைய இடத்துக்கே இறங்கிடுச்சு.

ஒருத்தர் எந்த இதழில் எழுதினார் என்பதை வைத்து அவரை எடை போடுவதில் உள்ள கோளாறு இதுதான்.

*

சரி, இதழை விட்டுட்டு ஆளையே அளந்தா?

2005ல் கலிஃபோர்னியாவின் இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் ஒரு வழி சொன்னார். அதுதான் ஹெச் இண்டெக்ஸ். உங்க கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி பெருசுலேருந்து சிறுசா அடுக்குங்க. பத்து கட்டுரைகள், ஒவ்வொண்ணும் குறைஞ்சது பத்து மேற்கோள் வாங்கியிருந்தா, ஹெச் 10. பதினொண்ணுக்குப் போகணும்னா பதினோரு கட்டுரையும் தலா பதினொண்ணாவது வாங்கியிருக்கணும். ஒரே கட்டுரை ஓஹோன்னு போனாலும் பத்தாது. யாரும் தொடாத நூறு கட்டுரை எழுதினாலும் பத்தாது.

புத்திசாலித்தனமான அளவுகோல்தான். ரெண்டே வருஷத்துல, 2007ல், பிரிட்டனின் வேதியியல் கழகப் பத்திரிகை 'கெமிஸ்ட்ரி வேர்ல்டு' உயிரோடு இருக்கும் வேதியியலாளர்களை ஹெச் இண்டெக்ஸ்படி வரிசைப்படுத்தி வெளியிட்டது. முதலிடம் ஹார்வர்டின் ஜார்ஜ் வைட்சைட்ஸ், 135. அடுத்து இ. ஜே. கோரி, 132. மூணாவது மார்ட்டின் கார்ப்ளஸ், 129.

கோரிக்கு 1990லேயே நோபல் கிடைச்சிருந்தது. கார்ப்ளஸுக்கு 2013ல் கிடைச்சது. முதலிடத்தில் இருந்த வைட்சைட்ஸுக்குக் கிடைக்கல.

அப்ப இந்த நம்பர் முழுக்கப் பொய்யும் இல்லை. நல்ல வேதியியலாளர்கள் பலர் இதில் மேலே வரத்தான் செய்யறாங்க. ஆனா கீழே இருக்கறவங்க மோசம்னு அர்த்தமா? இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் வர்றார்.

*

கோய்ச்சி தனாகா. ஜப்பான். படிச்சது மின் பொறியியல் இளநிலைப் பட்டம். முனைவர் பட்டம் இல்லை. முதுநிலைப் பட்டமும் இல்லை. கியோட்டோவில் ஷிமாட்சு என்ற கருவி தயாரிக்கும் கம்பெனியில் இஞ்சினியர்.

புரதம் மாதிரி பெரிய மூலக்கூறுகளின் எடையை அளப்பது அன்றைக்குப் பெரும் தலைவலி. லேசர் பட்டால் மூலக்கூறு சிதறிப் போகும். சிதறாமல் அப்படியே ஆவியாக்கி மின்னேற்றம் கொடுக்க வேண்டும்.

1985. கோபால்ட்டின் மிக நுண்ணிய தூளை அசிட்டோனில் கலக்க வேண்டியவர், தவறிப் போய் கிளிசரினில் கலந்துட்டார். தப்புன்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா தூள் விலை அதிகம், கொட்ட மனசு வரல. வீணாக்க வேண்டாமேன்னு அதையே கருவியில் வச்சுப் பார்த்தார். மாதிரிக்கு வச்சது வைட்டமின் பி12. 1,350 நிறை கொண்ட மூலக்கூறு உடையாமல் திரையில் தெரிந்தது.

நம்ம வீட்டுப் பெரியவங்க சோத்துப் பருக்கையை வீணாக்காத அதே குணம். அதுல பிறந்தது ஒரு நோபல் பரிசு.

1987ல் ஜப்பானில் நடந்த ஒரு கருத்தரங்கில் சொன்னார். 1988ல் ஆங்கிலத்தில் கட்டுரை வந்தது. பிறகு பழையபடி கம்பெனி வேலை. 2002ல் வேதியியல் நோபல் அறிவிப்பு வந்தப்போ 43 வயசு. கம்பெனி யூனிஃபார்மோடயே பத்திரிகையாளர்கள் முன்னாடி வந்து உட்கார்ந்தார். ஜப்பானின் கல்வி உலகத்திலேயே பலருக்கு அந்தப் பேர் தெரியாது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். அதே காலத்தில் ஜெர்மனியில் ஃப்ரான்ஸ் ஹில்லன்காம்பும் மைக்கேல் கராஸும் இதே பிரச்சனைக்கு வேறொரு தீர்வு கண்டாங்க. சிறிய கரிமச் சேர்மத்தோடு புரதத்தைக் கலந்து லேசர் அடிப்பது. இன்று உலக ஆய்வகங்களில் ஓடும் மால்டி முறை அவர்களுடையதுதான். மேற்கோளை எண்ணி நோபல் கொடுத்திருந்தா அது ஜெர்மனிக்குப் போயிருக்கும். பெரிய புரதத்தை முதலில் காட்டியது யார் என்று பார்த்ததால் தனாகாவுக்குப் போனது. எது நியாயம்னு அப்போ பெரிய விவாதமே நடந்துச்சு. எனக்கு ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கறதாத்தான் படுது.

பெரிய ஆஸ்பத்திரிகளின் மைக்ரோபயாலஜி லேப்ல இன்னைக்கு கல்ச்சர்ல வளர்ந்த கிருமி எதுன்னு சில நிமிஷத்துல சொல்ற கருவி இருக்கு. மால்டி டாஃப். செப்சிஸ்ல கிடக்கும் நோயாளிக்கு அந்த நேரம் உயிர். யாருடைய ஹெச் இண்டெக்ஸும் அங்க தேவைப்படல.

*

அப்ப நம்பரே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன்.

நம்பர் வர்றதுக்கு முன்னாடி எப்படி முடிவு பண்ணாங்க? யாருடைய சிஷ்யன், எந்த ஊர், யாருக்கு வேண்டப்பட்டவன். சிபாரிசு இல்லாத ஒரு ஆய்வாளர் "என் கட்டுரையை இத்தனை நாட்டுக்காரங்க எடுத்துப் பயன்படுத்தியிருக்காங்க"ன்னு ஆதாரத்தோட சொல்ல முடியுதுன்னா, அது நல்ல விஷயம்தான்.

சிக்கல் எப்ப வருதுன்னா, நம்பரையே இலக்கா வைக்கும்போது. காய்ச்சல் இருக்கான்னு பார்க்கத்தான் தெர்மாமீட்டர். 98.6 காட்டினா சம்பளம்னு சொன்னீங்கன்னா, எல்லாரும் தெர்மாமீட்டரை ஐஸ் தண்ணியில முக்கிட்டு வருவாங்க.

அதுதான் நடந்துச்சு. ஸ்பெயினின் ஒரு பிரபல வேதியியலாளர். உலகின் அதிகம் மேற்கோள் காட்டப்படுவோர் பட்டியலில் இருந்தவர். 2023ன் தொடக்கத்தில் 37 மணி நேரத்துக்கு ஒரு கட்டுரை என்ற வேகத்தில் அவர் பெயரில் கட்டுரைகள் வந்துகொண்டிருந்தன. தன் பல்கலைக்கழகத்தில் முழுநேர வேலையில் இருந்துகொண்டே வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பெயரையும் கட்டுரைகளில் போட்டதற்காக 13 வருஷத்துக்கு சம்பளம் இல்லாத சஸ்பென்ஷன்.

நம்ம நாட்டிலும் 2010ல் யுஜிசி, கல்லூரி ஆசிரியர் பதவி உயர்வுக்குப் புள்ளிக் கணக்கு கொண்டு வந்தது. கட்டுரைக்குப் புள்ளி, இம்பாக்ட் ஃபாக்டருக்குக் கூடுதல் புள்ளி. தேவை வந்தா கடை வரும். பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சடிக்கும் இதழ்கள் காளான் மாதிரி முளைச்சன. 2018 மே மாசம் யுஜிசியே தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்க வேண்டி வந்தது. பிஎச்டி முடிக்கக் கட்டுரை கட்டாயம் என்ற விதியை 2022ல் எடுத்துட்டாங்க. மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களுக்கும் பதவி உயர்வுக்குக் கட்டுரைகள் வேணும். அதனால இந்த நோய் எங்க வீட்டுலயும் இருக்கு.

கண்டுபிடிச்சவங்களே வருத்தப்பட்டாங்க. கார்ஃபீல்டு இம்பாக்ட் ஃபாக்டரை அணுசக்தியோடு ஒப்பிட்டார், நல்லதும் கெட்டதும் கலந்ததுன்னு. ஹெச் இண்டெக்ஸ் சில நேரம் படுமோசமாத் தோற்கும்னு ஹிர்ஷே 2020ல் எழுதினார். இதழின் இம்பாக்ட் ஃபாக்டரை வச்சு ஆளை மதிப்பிடாதீங்கன்னு 2012ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடிய ஆய்விதழ் ஆசிரியர்கள் ஒரு பிரகடனமே கொண்டு வந்தாங்க.

இனிமே "உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் நம்ம ஊர்ப் பேராசிரியர்"னு செய்தி வந்தா, தாராளமா வாழ்த்துங்க. கூடவே நாலு கேள்வி கேளுங்க.

தன் கட்டுரையைத் தானே எத்தனை தடவை மேற்கோள் காட்டினார்? (அந்தப் பட்டியலிலேயே இதைக் கழிச்சும் ஒரு கணக்கு இருக்கும்.)

அவர் துறையில் எத்தனை பேர் வேலை செய்யறாங்க? கூட்டமான துறையில மேற்கோள் தானா கூடும்.

எத்தனை வருஷமா ஆய்வு செய்யறார்? ஹெச் இண்டெக்ஸ் ஏறும், இறங்கவே இறங்காது. வயசு கூடக் கூட அதுவும் கூடும்.

எல்லாத்துக்கும் மேல, அந்தக் கட்டுரையில் அவர் என்னதான் கண்டுபிடிச்சார்? இதுக்கு பதில் தெரியணும்னா ஒரே வழிதான். கட்டுரையைப் படிக்கணும்.

*

அந்த அம்மாவுக்கு பிபி மாத்திரை ஆரம்பிச்சேன். உப்பைக் குறைக்கச் சொன்னேன். தனாகா கதையையும் சொன்னேன். கிளிசரின் கதையைக் கேட்டதும் முதல் தடவையா சிரிச்சாங்க.

"எங்க லேப்லயும் பசங்க தப்பா கலந்துடுவாங்க சார். நான் திட்டி கீழ ஊத்த வச்சிடுவேன்."

மூணு வாரம் கழிச்சு ரிவ்யூவுக்கு வந்தப்ப பிபி 136/86. ஏஜென்ட் நம்பரை பிளாக் பண்ணிட்டேன்னு சொன்னாங்க. ஏப்ரலுக்குள்ள ரெண்டு பேப்பர் முடியாது, அவங்க ஊர் கிணத்துத் தண்ணியில ஃப்ளூரைடு அளந்து பசங்களோட சேர்ந்து ஒண்ணு மட்டும் உருப்படியா எழுதலாம்னு இருக்காங்களாம். கல்லூரியில என்ன சொல்வாங்கன்னு தெரியல. இன்க்ரிமென்ட் போனாலும் போகலாம்.

கிளம்பும்போது கேட்டாங்க. "உங்களுக்கு இந்த மாதிரி நம்பர் தொல்லை எல்லாம் கிடையாதுல்ல சார்?"

மேஜை மேல இருந்த ஓபி சென்சஸ் நோட்டைக் காட்டினேன். அன்னைக்கு அவங்க 143வது ஆள்.